உடும்பு ஏறிக் காட்டிய சரிவு

புங்கங்காட்டில் மிருகங்கள் சேர்ந்து ஒரு குளம் வெட்டிக்கொண்டிருந்தன. போன கோடையில் ஓடை வற்றிவிட்டது. தண்ணீருக்காக மலைக்கு அந்தப் பக்கம் வரை அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் இனி வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். காட்டுப்பன்றி மூஞ்சியால் கிளறியது. கரடி நகத்தால் வாரிப் போட்டது. மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள்.

குளத்துக்கு மூன்று பக்கம் பாறை. நான்காவது பக்கம் களிமண். இறங்கும் வழி அந்தப் பக்கம்தான்.

ஒரு பெண்மான் வந்து எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் துள்ளி என்ற அதன் குட்டி. பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நின்றால் கால் நடுங்கும்.

"பன்றி அண்ணே, சரிவு ரொம்பச் செங்குத்தா இருக்கே!" என்றது மான்.

"இறங்கத்தானேம்மா சரிவு? செங்குத்தா இருந்தா சீக்கிரம் இறங்கலாம்!"

"இறங்கிடலாம். திரும்பி ஏறணுமே! களிமண்ணு நனைஞ்சா வழுக்கும். இன்னும் கொஞ்சம் நீளமா இழுத்து விடுங்க. என் பிள்ளை வயித்தளவு தண்ணியில நின்னு குடிச்சிட்டு, தானா நடந்து வரணும்."

பன்றிக்கு முகம் கறுத்தது. சரிவை நீளமாக்கினால் கரைக்கு மேலே இருந்த சேற்றுப்பள்ளத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். மத்தியானம் ஆனால் பன்றி புரளும் இடம் அது. ஆனால் அதை அது வெளியே சொல்லவில்லை.

"மேகம் திரண்டு நிக்குது. இப்பப் போய் நீளம் அகலம்னு பேசிட்டு!" என்றது.

"உன் ஒரு பிள்ளைக்காகக் காடே தோண்டணுமா?" என்றது கரடி. "வேணும்னா பல்லக்கு கட்டித் தூக்கிட்டுப் போகட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வழி எதுவானாலும் முதலில் உடும்பு நடந்து பார்க்கும். உடும்பு ஏறிவிட்டால் அது நல்ல வழி. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. பன்றி உடும்பைக் கூப்பிட்டது.

உடும்பு குழிக்குள் இறங்கியது. நகத்தை மண்ணில் பதித்தது. சரசரவென்று மேலே வந்துவிட்டது.

"பார்த்தியா!" என்றது பன்றி.

"காய்ஞ்ச மண்ணுல ஏறிடுச்சு. தண்ணி ஊத்தி ஏறச் சொல்லுங்களேன்!"

"நல்லா இருக்கே! ஊத்தத் தண்ணி இருந்தா குளம் எதுக்கு வெட்டுறோம்?"

மறுபடியும் சிரிப்பு. எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தியாக நின்று பேசுவது லேசல்ல. மான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

மழை வந்தது. இரவும் பகலுமாகப் பெய்தது. குளம் நிரம்பிவிட்டது. மழை விட்ட காலையில் கரடி தவிர எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். துள்ளி தாயை முந்திக்கொண்டு ஓடியது.

"நில்லு! நான் வரேன்!"

அது நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே தண்ணீருக்குள் போனது. அதற்கு அது விளையாட்டாக இருந்தது. வயிறாரக் குடித்தது. பிறகு திரும்பியது. முன்கால்களை வைத்தது. வழுக்கியது. மறுபடியும் வைத்தது. இன்னும் ஆழத்துக்குப் போனது.

"அம்மா, கால் நிக்கலம்மா!"

மான் குதித்தது. மூக்கால் குட்டியை மேலே தள்ளியது. குட்டி கொஞ்சம் ஏறும். களிமண்ணோடு சேர்ந்து சரியும். பன்றி ஓடி வந்தது. அதன் கால்களே வழுக்கின, பின்வாங்கியது. உடும்பு இறங்கி, "என் வாலைப் பிடிச்சுக்க!" என்று கத்தியது. குளம்பை வைத்துக்கொண்டு எதைப் பிடிப்பது?

கரடி தேன் தேடி மலைக்குப் போயிருந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்து, நீந்திப் போய்க் குட்டியைத் தூக்கிக் கரையில் போட்டது. மானையும் தள்ளி ஏற்றிவிட்டது. துள்ளியின் கால்கள் இப்போது நடுங்கவில்லை. மூச்சும் இல்லை.

மான் அதை நக்கிக்கொண்டே இருந்தது.

"நீதானே நல்ல சரிவுன்னு சொன்னே!" என்று பன்றி உடும்பின் மேல் பாய்ந்தது.

"நான் எங்கே சொன்னேன்? ஏறிக் காட்டச் சொன்னீங்க, ஏறினேன். என்னால மரத்துலகூட ஏற முடியுமே!"



மறுநாள் பன்றி யாரையும் கூப்பிடாமல் தன் சேற்றுப்பள்ளத்தை வெட்டத் தொடங்கியது. கரடியும் வந்து சேர்ந்தது. கரையைப் பின்னுக்கு இழுத்து, சரிவைத் தாழ்த்தி, மேலே சரளைக் கல் பரப்பினார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

பன்றி மானைக் கூட்டி வந்தது. "நீ சொன்ன மாதிரியே வெட்டியாச்சும்மா. இறங்கிப் பாரு."

மான் மெதுவாக இறங்கியது. வயிற்றளவு தண்ணீர் வரை போனது. திரும்பி நடந்து வந்தது. ஒரு கால்கூட வழுக்கவில்லை.

"நல்லா இருக்குண்ணே," என்றது.

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போகும் பழைய பாதையில் நடந்தது.

எல்லோரும் இறங்கும் வழியை, ஏறத் தெரிந்தவனின் நகத்தை வைத்து அளக்கக் கூடாது. அங்கே இறங்கப்போகும் மிகச் சின்னக் காலை வைத்து, தோண்டும்போதே அளக்க வேண்டும்.