பதினெட்டாவது இடம்

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கோதைநாயகிதான் குரு. வயது முப்பத்தொன்று. சீடர் பொன்னுரங்கத்துக்கு நாற்பத்தாறு. கணினிக்கு முன்னால் வயதை யார் பார்க்கிறார்கள்?

எழுதிய புரோகிராமைத் திரட்டி, சோதித்து, வாடிக்கையாளரின் சர்வரில் கொண்டுபோய் இறக்குகிற கட்டளைகளை பில்ட் ஸ்கிரிப்ட் என்பார்கள். பொன்னுரங்கத்தின் ஸ்கிரிப்ட் இரண்டாயிரம் வரி. அவரை விட்டால் அதை ஓட்ட ஆளில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. ஆனால் புதுப் பதிப்பை இறக்குகிற ரிலீஸ் நாளில் இருக்கையை விட்டு நகர முடியாது. மகள் சுடர்மதியின் கபடி ஆட்டத்தை மூன்று முறை அப்படித்தான் தவறவிட்டார். அடுத்த மாதம் ஈரோட்டில் இறுதி ஆட்டம். அன்றைக்கும் ரிலீஸ்.

புரோகிராமை எழுதுகிற அதே ஒழுங்கோடு ஸ்கிரிப்ட்டையும் திருத்தி எழுதச் சொன்னார் கோதை.

"இது வெறும் ஸ்கிரிப்ட்டுதானுங்க. இதுக்கெதுக்கு அந்த ஒழுங்கெல்லாம்?"

கோதை சோதனை சர்வரின் பெயரை மாற்றிவிட்டு, புதுப் பெயரைப் புரோகிராம், ஸ்கிரிப்ட் இரண்டிலும் போடச் சொன்னார்.

புரோகிராமில் ஒரே இடம். ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஸ்கிரிப்ட்டில் பதினேழு இடங்களில் மாற்றினார்; ஓடவில்லை. பதினெட்டாவது இடம் அகப்பட்டபோது சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது.

"புரோகிராம் யாருங்க எழுதுனது?" என்று கேட்டார் கோதை.

"நான்தானுங்க."

"ஸ்கிரிப்ட்டு?"

"அதுவும் நான்தானுங்க." சொல்லும்போதே பொன்னுரங்கத்தின் முகம் சுண்டிவிட்டது.

மறுநாளே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். பெயர்களெல்லாம் ஒரே இடத்துக்கு வந்தன. ஒரு வேலைக்கு ஒரு சின்னக் கோப்பு, படித்தாலே புரிகிற பெயர். திரும்பத் திரும்ப எழுதியிருந்ததையெல்லாம் வெட்டி எறிந்தார். இரண்டாயிரம் வரி முந்நூறாயிற்று.

இறுதி ஆட்டத்தன்று ஈரோட்டுக்குப் போய்விட்டாலும், அலுவலகத்திலிருந்து அழைப்பார்கள் என்று செல்போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். சுடர்மதி ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பியதும், செல்போனாவது ஒன்றாவது, எழுந்து கத்தினார். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை. அப்படியொரு சந்தோஷம் அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பிறகுதான் பயம் பிடித்தது. அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை. தொண்டை கட்டிய குரலில் கோதையைக் கூப்பிட்டார்.

"ரிலீஸ் நின்னுபோச்சுங்களா?"

"பதினோரு மணிக்கே போயிருச்சுங்க."

"யாருங்க ஓட்டுனது?"

"நானுங்க."

"உங்களுக்கு அந்த ஸ்கிரிப்ட்டுல ஒரு வரிகூடத் தெரியாதுங்களே?"

"தெரியாதுங்க. அதனாலதான் நான் ஓட்டுனேன்."