முப்பத்திரண்டு நாள் மார்கழி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், செம்பியங்காடு என்ற நாட்டைப் பூபாலவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்ட நேரம் போக மீதி நேரம் கண்ணாடி முன் உட்கார்ந்து நரைமுடி பிடுங்குவார். அவர் வயதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஆனால் கோயில் வழக்கத்தை அவராலும் மாற்ற முடியவில்லை. மார்கழியில் அவர் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில், எத்தனை வயதோ அத்தனை விளக்கு ஏற்றிவிடுவார்கள்.

அந்த வருஷம் மார்கழி நாலாம் தேதி நட்சத்திரம் வந்தது. நாற்பத்தொன்பது விளக்கு. ராஜா கடுகடுவென்று சபைக்கு வந்தார்.

"மந்திரி, என் மாசத்துக்கு எத்தனை நாள்?"

மந்திரி நல்லாதன் எதையும் நிதானமாகத்தான் சொல்வார். "இந்த வருஷம் இருபத்தொன்பது, மகாராஜா."

"ஆனிக்கு?"

"முப்பத்திரண்டு."

"ஆனியில் எந்த ராஜா பிறந்தான்?"

"யாரும் பிறக்க வேண்டியதில்லை, மகாராஜா. சூரியன் ஒரு ராசியைத் தாண்டுகிற காலம்தான் ஒரு மாசம். ஆனியில் அவர் அசைந்து அசைந்து போகிறார். மார்கழியில் விறுவிறுவென்று தாண்டிவிடுகிறார்."

ஏகாம்பர ராயர் எழுந்தார். மந்திரி பதவிமேல் பத்து வருஷமாகக் கண் வைத்திருப்பவர். மூக்கால்தான் பேசுவார். "கேட்டீர்களா பிரபோ, தங்கள் மாசம் என்றால் சூரியனுக்கு அவசரமாம். அதை இவர் வாய் கூசாமல் சொல்கிறார். ஆனியிலிருந்து மூணு நாளைப் பிடுங்கி மார்கழிக்குக் கொடுத்தால் ஆச்சு."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "மந்திரி, பஞ்சாங்கத்தைத் திருத்தும். முடியாதென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராயரிடம் கொடும்."

ராயர் விரலை நீட்டியே விட்டார்.

"திருத்திவிடலாம்," என்றார் நல்லாதன். "ஒரே ஒரு சந்தேகம். நட்சத்திரம் மொத்தமே இருபத்தேழு. இன்றைய நட்சத்திரம் முப்பத்தொன்றாம் தேதி மறுபடி வரும். ஒரே மார்கழியில் ரெண்டு தடவை. எதைப் பிறந்தநாளாக வைப்பது?"

ராயர் முந்திக்கொண்டார். "ராஜாவின் நாளில் ஒன்றைத் தள்ளுவதா? ரெண்டும் பிறந்தநாள்தான்."

"அப்படியே எழுதும்," என்றார் ராஜா. நல்லாதனும் ஓர் எழுத்து விடாமல் எழுதி முத்திரை வைத்தார்.

மார்கழி முப்பத்தொன்று. ராஜா புதுப்பட்டு உடுத்திக் கோயிலுக்கு வந்தார். விளக்குகளை எண்ணினார். ஐம்பது.

"ஒன்று கூடுதலாக இருக்கிறதே?"

நல்லாதன் சொன்னார்: "போன பிறந்தநாளுக்கு நாற்பத்தொன்பது. இது அடுத்த பிறந்தநாள் அல்லவா, மகாராஜா? வருஷத்துக்கு ரெண்டு வயது. இன்னும் அஞ்சு வருஷத்தில் தங்களுக்கு அறுபதாம் கல்யாணம்."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐம்பதுதானா? நான் அறுபது இருக்கும்னு நெனச்சேன்."

ராஜாவின் காது சிவந்தது. "ராயரே, அந்த ஐம்பதாவது விளக்கை ஊதி அணையும்."

ராயர் ரெண்டடி பின்வாங்கினார். மூக்கை மறந்து வாயாலேயே கீச்சென்றார். "பிரபோ, தங்கள் ஆயுளுக்கு ஏற்றிய விளக்கையா? நான் ஊதினால் ஊர் என்னை உயிரோடு விடாதே."

ராஜா மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாதரே, வேறு வழி?"

"விளக்கைத் தொடவே வேண்டாம். ஆணையைத் திரும்பப் பெற்றால், மார்கழி முந்தாநாளே முடிந்துவிட்டது. இன்றைக்குத் தை ரெண்டு. தையில் இந்த நட்சத்திரம் வந்தால் தங்களுக்கென்ன? இதெல்லாம் வெறும் கோயில் விளக்கு."

"பெற்றேன், பெற்றேன். இப்போது எனக்கு வயது?"

"நாற்பத்தொன்பது."

"மெதுவாகச் சொல்லும்." ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். ராயர் சுவரோரமாக வாசல் பக்கம் நழுவினார்.

"ராயரே, நில்லும். தை ரெண்டு என்றால் மாட்டுப்பொங்கல்தானே, மந்திரி?"

"ஆமாம். மார்கழி என்று நினைத்து மாட்டுக்காரர்கள் மாடுகளைக் குளிப்பாட்டவே இல்லை. அரண்மனைத் தொழுவத்தில் நூற்றுநாற்பது மாடு அப்படியே நிற்கிறது."

"மூணு நாள் வேண்டுமென்று கேட்டவருக்கு வேலை வேண்டாமா? ராயரே, இருட்டுவதற்குள் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணமும் பூசிவிடும்."

ராயர் பட்டு வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டினார். முதல் மாடு அவரை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு திரும்பி நின்று வாலைத் தூக்கியது.