ராணியின் மீனும் ராஜாவின் வயிற்றெரிச்சலும்

கல்யாணம் ஆனவர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். ஆகாதவர்களும் கேட்கலாம், என்றைக்காவது உதவும்.

ஆற்றுக்கு ஒரு ராஜா, மலைக்கு ஒரு ராஜா என்று இருந்த காலத்தில், ஆம்பலூரைத் திண்கோ என்று ஒரு ராஜா ஆண்டான். வீரன்தான், கொடையாளிதான், மறுக்கவில்லை. ஆனால் மகா பொறாமைக்காரன். பக்கத்து நாட்டு யானை பருத்தால் இவன் இளைப்பான். புலவர் இன்னொருவனைப் பாடினால் இவனுக்குச் சோறு இறங்காது. கடைசியில் அவன் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் தெரியுமா? ஒரு கெண்டை மீனைப் பார்த்து.

சிரிக்காதீர்கள். அவனுக்கு அது சிரிப்பான விஷயமாக இல்லை.

அவனுடைய ராணி அல்லியங்கோதை, தூரத்து ஆற்றங்கரை நாட்டில் பிறந்தவள். கல்யாணம் முடிந்ததும் ராஜா அவளை அந்தப்புரத்தில் குடிவைத்தான். காவல் போட்டான். வேளாவேளைக்குச் சாப்பாடு போக ஏற்பாடு செய்தான். பண்டிகைக்குப் பட்டு அனுப்பினான். பிறகு வேட்டை, சபை, சண்டை என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

அந்தப்புர முற்றத்தில் ஒரு கல்தொட்டி. அதில் ராணி மூன்று கெண்டைகளை வளர்த்தாள். அவற்றில் ஒன்றுக்கு நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்ததால் அதைப் பொட்டு என்று கூப்பிட்டாள். தினமும் தொட்டியில் புதிதாக ஏதாவது செய்வாள். உடைந்த பானையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுவாள். சோற்றுப் பருக்கையைக் கூழாங்கல்லுக்கு அடியில் ஒளித்துவைப்பாள். வாழைப்பூ மடலைப் படகாக மிதக்கவிடுவாள். பொட்டு பானைக்குள் ஒளியும், கல்லைப் புரட்டும், மடலை முட்டித் தள்ளும். ராணி வாய்விட்டுச் சிரிப்பாள்.

ஒரு நாள் வேட்டையில் ஒன்றும் அகப்படாமல் ராஜா சீக்கிரம் வீடு திரும்பினான். அந்தச் சிரிப்பு அவன் காதில் விழுந்தது. அவனிடம் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. யாரிடம் சிரிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தான். மீன்!

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. 'எத்தனை கோட்டை பிடித்திருக்கிறேன் நான். இது ஒரு புழுவையாவது தானாகப் பிடித்திருக்குமா?' என்று பொருமினான்.

மறுநாள் சபையில் கேட்டான். "மந்திரி, மீனுக்குச் சலிப்பு வருமா?"

மந்திரி ராஜாவின் முகத்தைப் பார்த்தார். என்ன பதில் வேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்தது. "மீனுக்கு ஏது மன்னா மனசு? தண்ணீர் இருந்தால் போதும். அதற்கு நேற்றும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான்" என்றார். சபை முழுவதும் தலையாட்டியது. அநியாயம் செய்யப் போகிறவனுக்கும் முதலில் ஒரு நியாயம் தேவைப்படுகிறது பாருங்கள்.

முதலில் மற்ற இரண்டு கெண்டைகளையும் ஆற்றில் விடச் சொன்னான். ஏன் என்று ராணி கேட்டதற்கு, "மீனுக்கு என்ன தெரியப்போகிறது?" என்றான். பொட்டு தொட்டியெல்லாம் சுற்றிச் சுற்றித் தேடியது. ராணி முன்னைவிட அதிக நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜாவுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்து பானையையும் கூழாங்கற்களையும் எடுக்கச் சொன்னான். "மீனுக்கு என்ன தெரியப்போகிறது?" பொட்டு ஒளிய இடமில்லாமல் செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றியது.

அதற்கும் அடுத்து, ராணி தொட்டியில் கையே வைக்கக் கூடாது, சோறு காவல்காரன் போடுவான் என்று உத்தரவு போட்டான். "மீனுக்கு என்ன தெரியப்போகிறது?" பொட்டு ஒரு மூலைக்குப் போய்ச் சுவரில் மூக்கை வைத்து நின்றுவிட்டது. போட்ட சோறு அப்படியே ஊறிக் கிடந்தது. மீன் நாளுக்கு நாள் மெலிந்தது.

ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு வந்து ராணியின் பக்கத்தில் உட்கார்ந்தான். இனி அவள் பார்வை தன் பக்கம் திரும்பும் என்று நினைப்பு. ராணியோ மீனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். இதுவரை சிரிப்பு மட்டும்தான் மீனுக்குப் போனது, இப்போது கண்ணீரும் அதற்கே போகிறதே என்று ராஜாவுக்கு ஆத்திரம் வந்தது.

"அதற்கு ஏதாவது நோயாக இருக்கும். வைத்தியரைக் கூப்பிடட்டுமா?" என்றான்.

"நோய் இல்லை. சலிப்பு."

"மீனுக்குச் சலிப்பு வராது. சபையில் கேட்டாயிற்று."

"அந்தச் சபையில் தொட்டிக்குள் வாழ்ந்தவர்கள் யாராவது உண்டா?"

ராஜா மீசையிலிருந்து கையை எடுத்தான்.

"நான் வாழ்கிறேன்" என்றாள் ராணி. குரலை உயர்த்தவில்லை. "வேளைக்குச் சோறு வருகிறது. சுற்றிலும் கல்சுவர். கூடப் பிறந்தவர்களைப் பார்த்து வருஷக் கணக்காகிறது. எனக்கென்று இருந்தது இந்த மீன் ஒன்றுதான். மீனுக்குச் சலிக்குமா என்று ஊரையே கேட்டீர்கள். எனக்குச் சலிக்குமா என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?"

சொல்லிவிட்டு அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ராஜாவின் பொறாமை போன இடம் தெரியவில்லை. பயம்தான் வந்தது. யாரையும் நில் என்றால் நிற்கவைக்கலாம், போ என்றால் போகவைக்கலாம். சிரி என்று யாருக்கு உத்தரவு போட முடியும்?

எழுந்து போனான். சமையற்கட்டின் பின்புறம் கிடந்த ஒரு உடைந்த பானையைத் தானே தூக்கி வந்தான். பட்டு வேட்டி நனையத் தொட்டிக்குள் இறங்கி அதை வைத்தான்.

"பானை வாய் வெயிலைப் பார்க்கக் கூடாது. திருப்பி வையுங்கள்" என்றாள் ராணி.

திருப்பி வைத்தான். ராணி உடனே சிரித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு சுலபமாக யாரும் சிரிப்பதில்லை. "நான் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும்" என்றாள். போனால் திரும்பி வரமாட்டாளோ என்று ராஜா பயந்தான். ஆனாலும் கோட்டைக் கதவைத் திறக்கச் சொன்னான். படகு கொடுத்தான். "பொட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

பார்த்துக்கொள்ளவும் செய்தான். வேட்டையை விட்டான். தினமும் கல்லைத் தேடிக் கொண்டுவந்தான், பருக்கையை ஒளித்துவைத்தான், பானையை மாற்றினான். பொட்டு முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் சுவரை விட்டுத் திரும்பியது. பிறகு ஒரு கல்லைப் புரட்டியது. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லாமல் ராஜா படகுத்துறைக்கும் முற்றத்துக்குமாக நடந்தான்.

ஆறு வற்றத் தொடங்கிய சமயம் படகு வந்தது. ராணி கையில் ஒரு குடத்தோடு இறங்கினாள். குடத்துக்குள் இரண்டு கெண்டைக் குஞ்சுகள் துள்ளின.

"இவை பொட்டுக்கு" என்றாள்.

பழக்கம் லேசில் போகுமா? ராஜா கேட்டேவிட்டான். "எனக்கு ஒன்றும் இல்லையா?"

"நான் வந்திருக்கிறேனே" என்றாள் ராணி.

ஆகவே கேட்டவர்களே, பிறருக்குக் கிடைக்கும் அன்பைப் பிடுங்கினால் அது நம் கைக்கு வராது, நாம் கொடுத்தால்தான் நமக்கும் கிடைக்கும்.