ஒரு காசும் செலவில்லை

திட்டத்தைத் தொடங்கிவைத்த நாளில் பழைய துணைவேந்தர் பேசியதில் ஒரு வாக்கியம் பலருக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. "வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு நாம் ஒரு சாவி கொடுக்கும்போது..." கொடுக்கும்போது என்ன என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

அந்தப் பனி நகரத்தின் பல்கலைக்கழகம், வேறு நாடுகளிலிருந்து வந்து தொழில் தொடங்குகிறவர்களுக்கு வேலை செய்ய ஓர் அறையும் நாட்டில் தங்குவதற்கு அனுமதியும் வாங்கித் தந்தது. பதிலுக்கு அவர்கள் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். திட்டத்தை நடத்தியவர் தர்மினி. யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் வந்து சேர்ந்த இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மாணவர்கள் கேலியாக இவரைத் தர்மினியின் சீடர் என்பார்கள். இவரும் மறுக்கவில்லை.

இசக்கிமுத்து செய்திருந்தது, மண்ணுக்கு அடியில் குழாய் ஒழுகும் சத்தத்தைத் தரைக்கு மேலிருந்தே கேட்கும் கருவி. அன்று காலை அது நூலகத்துச் சாலையில் ஓரிடத்தைக் காட்டியது. தோண்டினார்கள். தண்ணீர் பீறிட்டது. மாணவர்கள் விசிலடித்தார்கள். இசக்கிமுத்து நனைந்த சட்டையோடு எல்லோரையும் கட்டிப்பிடித்தார்.

மறுநாள், பல்கலைக்கழகத்துக்குப் பணம் தரும் நகரசபையில் வாக்கெடுப்பு. திட்டம் தொடரலாமா, மூடலாமா? மூடினால் இசக்கிமுத்துவின் அனுமதியும் போகும், தொழிலும் போகும். சபை கேட்டிருந்தது ஒரே கேள்வி: இதனால் மக்களுக்கு என்ன செலவு?

"பதில் ரெடி மேடம்," என்றார் இசக்கிமுத்து. உட்கார முடியவில்லை அவரால். "ஒரு காசும் செலவில்லை. இவ்வளவுதான். முடிஞ்சது கதை!"

"இந்த அறை?"

"சும்மா பூட்டிக் கிடந்தது."

"ஹீட்டர்?"

"பக்கத்து அறைக்கு எப்படியும் ஓடுது."

"நான்?"

"உங்களுக்கு எப்படியும் சம்பளம் உண்டுல்லா மேடம்."

"அப்ப நானும் இந்த மேசை மாதிரிச் சும்மாதான் கிடந்தனானோ?" தர்மினி சிரித்துவிட்டார்.

அன்று மாலை பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். முதலில் வந்தவர் ஐரீன் என்ற உள்ளூர் அம்மையார். பூட்ஸிலிருந்த பனியை உதறிவிட்டு நேராகக் கருவியிடம் போனார். ஹெட்போனை எடுத்துக் காதருகே கொண்டுபோனவர் நிறுத்திக் கேட்டார்.

"இதெல்லாம் என் வரிப்பணமா?"

இசக்கிமுத்து காத்திருந்த கேள்வி. "இல்லை அம்மா. உங்கள் காசு ஒன்றுகூட இதில் இல்லை."

"ஓ," என்றார் ஐரீன். ஹெட்போனை இருந்த இடத்திலேயே வைத்தார். "அப்படியானால் சரி. உங்களுக்கு நல்லது நடக்கட்டும்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தீங்களா மேடம்! ஒரே வரில வாயை அடைச்சிட்டேன்லா! நாளைக்கு சபையிலயும் இதே வரிதான்!"

தர்மினி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். ஐரீன் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"ஓடுங்கோ அண்ணை. பஸ் வாறதுக்கு முந்தி அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"என்ன சொல்லிக் கூப்பிட?"

"அவவின்ர பொருள் ஒண்டு இங்கை கிடக்குதெண்டு சொல்லுங்கோ."

"அவங்க எதையும் விட்டுட்டுப் போகலையே மேடம்?"

"பஸ் வருது."

இசக்கிமுத்து கோட்டைக்கூடப் போடாமல் ஓடினார். இரண்டு இடத்தில் வழுக்கினார். மூச்சு வாங்க அவர் சொன்னதைக் கேட்டு ஐரீன் பையைத் துழாவினார், கையுறைகளைப் பார்த்தார். "எல்லாம் இருக்கிறதே!" ஆனாலும் திரும்பி வந்தார்.

தர்மினி ஹெட்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அது இதுதான். உங்கள் வரிப்பணமும் இதில் இருக்கிறது."

ஐரீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

"அட! யாரோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி அல்லவா கேட்கிறது!"

"தரைக்கு அடியில் ஓடும் குழாய், அம்மா."

"என் தெருவில் ஒவ்வொரு குளிருக்கும் குழாய் வெடிக்கிறது. இதை அங்கே எப்போது கொண்டுவருவீர்கள்? ஏன் இன்னும் கொண்டுவரவில்லை?" கடையில் முன்பணம் கட்டிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருப்பவரின் குரல் அது. இசக்கிமுத்து திணறித் திணறிப் பதில் சொன்னார். திட்டுவாங்கிக்கொண்டே சிரித்தார். அடுத்த பஸ்ஸும் போயிற்று. ஐரீன் தன் தெருவின் பெயரை இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

இசக்கிமுத்து ஹெட்போனைச் சுருட்டி வைத்தார்.

"செலவையெல்லாம் சொன்னா நாளைக்கு மூடிருவாங்க மேடம்."

"மூடலாம்."

"நான் பெட்டியைக் கட்டணும்."

"கட்டவேண்டி வரலாம்."

"ஒரு காசும் செலவில்லைன்னு சொன்னா விட்டுருவாங்க."

"இந்த வருசம் விடுவினம்."

"பிறகு?"

தர்மினி ஹீட்டரை அணைத்தார். கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"தங்கட காசு இல்லாத இடத்தைப் பூட்டினால், ஏன் பூட்டினீங்கள் எண்டு கேக்க ஆர் அண்ணை வருவினம்?"

மறுநாள் காலை இசக்கிமுத்து சபையின் முன் எழுந்து நின்று, அறையில் தொடங்கி, எல்லாச் செலவையும் சொன்னார்.