கிண்ணம் யார் கையில்?

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. அங்கே சாப்பாட்டு வேளை வந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நாலு வயது தன்ஷிகாவுக்குச் சோறு ஊட்டும் கலவரம் அப்படி. எனக்கு அந்த வீட்டுப் பெரியவர்கள் மூவர் மீதுமே எரிச்சல்தான். ஆனாலும் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

"எடை கொஞ்சம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னதில் முதல் பாதிதான் தாய் செல்வராணியின் காதில் ஏறியது. பிள்ளை தேய்ந்து போய்விடுமோ என்று அன்று முதல் அவளுக்கு ஒரே பயம். செல்போனில் பொம்மைப் படம் ஓடவிட்டு, வாய் திறக்கும் சமயம் பார்த்து உருண்டையைத் திணிப்பாள். தகப்பன் இசக்கிமுத்து, ஊசி போடும் டாக்டரைக் கூப்பிடுவதாக மிரட்டுவான். அவனுடைய அக்கா பேச்சியம்மாள் உறவு சொல்லி ஊட்டுவாள்: மாமாவுக்கு ஒரு வாய், சித்திக்கு ஒரு வாய். உறவெல்லாம் தீர்ந்துபோனால் பால்காரருக்கும் ஒரு வாய் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிக் குழம்பும் சோறும். செல்போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

"மாமாவுக்கு ஒரு வாய் வாங்கிக்கோட்டி" என்று பேச்சியம்மாள் நீட்டினாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டரக் கூப்பிடவா?" என்று இசக்கிமுத்து அதட்டினான். அவள் அழுதாள், வாய் இன்னும் இறுகியது.

செல்வராணி வெடித்தாள். "மிரட்டி மிரட்டியே பிள்ள சோத்தக் கண்டா நடுங்குது!"

"நீ போனக் காட்டிக் கெடுத்துட்டு எம்மேல பாயாத" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. நான் ஊட்டுனாத்தான் ஏதோ நாலு வாய் எறங்குது" என்று பேச்சியம்மாள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், கையை நீட்டிப் பேச வேண்டுமே.

சண்டை அடுப்படி வரை போய்க் கால் மணி நேரம் கழித்துத் திரும்பியது. பார்த்தால் கிண்ணம் காலி! பிள்ளையின் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை சோற்றுப் பருக்கை, மூக்கில் ஒன்று.

உடனே அடுத்த சண்டை. தன் அதட்டல் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்றான் இசக்கிமுத்து. மாமா பேரைக் கேட்டுத்தான் மனம் இரங்கியிருக்கிறாள் என்றாள் பேச்சியம்மாள். போனைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்தான் இது என்றாள் செல்வராணி. கடைசியில் ஒன்று முடிவாயிற்று: ஜெயித்தவர் கையில்தான் இனிமேல் கிண்ணம், மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது.

நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்: கிண்ணம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தன்ஷிகாவுக்கு. மாமா பேருக்கு அவள் முகம் திரும்பியது, மிரட்டலுக்கு வாய் இறுகியது, போனுக்கு உயிரே இல்லை. அந்தக் கால் மணி நேரம் மட்டும் அவள் வாயை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பசியும் அவளுடையது, கையும் அவளுடையது. இது ஒருவழியாகப் பெரியவர்களுக்கும் உறைத்தது; மறுநாள் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு மூவரும் தங்கள் தட்டோடு உட்கார்ந்தார்கள். பாதியிலேயே "போதும்" என்று அவள் எழுந்துவிட்டாள். "இன்னும் ஒரு வாய்" என்பது செல்வராணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அவள் விழுங்கப் பட்ட பாடு இருக்கிறதே, இத்தனை நாள் அந்தப் பிள்ளை சோற்றை விழுங்கப் பட்ட பாடுதான்.