எந்தக் கையில் கல்?

ஆனைமலைக் காட்டில் தங்காத்தா என்ற இருவாட்சிப் பறவை ஒரு மரப்பொந்தில் முட்டையிட்டாள். அவள் இனத்தின் வழக்கப்படி வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்தாள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டாள். பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிட்டாள். குஞ்சு வளரும்வரை இருவருக்கும் இரை கொண்டுவர வேண்டியவன் அவள் கணவன் மாரப்பன்தான்.

மாரப்பனுக்கு அலகு பெரியது. ஆசை அதைவிடப் பெரியது.

அத்திமரத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. மூடிய இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியது.

"எந்தக் கையில் கல்? சரியாகச் சொன்னால் ஒரு பழத்துக்கு இரண்டு பழம்!"

முதல் நாள் மாரப்பன் ஜெயித்தான். தொண்டை நிறையப் பழத்தோடு வந்தான். "எங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்!" என்று தங்காத்தா பூரித்துப்போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

அப்புறம் தோல்விதான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி வைப்பான். அதுவும் போகும். குஞ்சு பொரிந்த நேரத்தில், வீட்டுக்கு வந்தது நாளுக்கு ஒரே ஒரு பழம்.

"ஏனுங்க, மரத்துல பழமே இல்லீங்களா?"

"காய்ப்பு கம்மி, தங்காத்தா. நாளைக்குப் பாரு!"

ஒரு நாள் அவள் விடாமல் கேட்கவே, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இனி ஆடமாட்டேன் என்று சத்தியமும் செய்தான். மறுநாள் வெறும் தொண்டையோடு வந்து நின்றான்.

பக்கத்துக் கிளையில் நாச்சி என்ற மலையணில் குடியிருந்தாள். "சாப்பாடு ஆச்சா, தங்காத்தா?" என்று தினமும் கேட்பாள்.

"ஆச்சுக்கா! வயிறு நிறைய!"

கட்டியவனை விட்டுக்கொடுக்கலாமா? வெளியே தெரிந்தால் மானம் போய்விடாதா? இப்படியே நினைத்துத் தங்காத்தா பசியை விழுங்கிக்கொண்டாள். ஆனால் ஒரு காலையில் குஞ்சு அழவே இல்லை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

தங்காத்தா இடுக்கில் அலகை நீட்டிக் கத்தினாள். "நாச்சியக்கா! நான் சொன்னதெல்லாம் பொய்! அவர் பழத்தையெல்லாம் சூதுல விடறார். குஞ்சு சாகப்போகுது!"

நாச்சி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கையில் இருந்த பழங்களை இடுக்கில் திணித்தாள். அடுத்த சரிவுக்கு ஓடி, சென்னியப்பன் என்ற இருவாட்சியை அழைத்துவந்தாள். அதற்குள் மாரப்பனும் வந்துவிட்டான்.

"என் வீட்டு விஷயத்துல தலையிட நீ யாரு?" என்று சீறினான்.

"போன வருஷம் அதே குரங்கு முன்னால உக்காந்து தோத்தவன்" என்றான் சென்னியப்பன். "என் குஞ்சு பொழைக்கல. அப்புறம்தான் துணை தேடுனேன். இப்ப நாலு பேரு சேர்ந்துதான் பழத்துக்குப் போறோம். நீயும் வா."

மாரப்பனின் சிறகுகள் தொங்கிப்போயின. "என்னால தனியா முடியலைங்கண்ணா" என்று அழுதான்.

மறுநாள் முதல் ஐந்து பேராகப் போனார்கள், குரங்கின் பக்கம் போகாமல் சுற்றுவழியாக. ஆறாம் நாள் மாரப்பன் நழுவினான், ஆடினான், தோற்றான். ஆனால் நேரே பொந்துக்கு வந்து அவனே சொன்னான்.

"இன்னிக்குத் தோத்துட்டேன், தங்காத்தா."

"கோவம் கோவமா வருதுங்க!" என்றாள் அவள். "ஆனா இன்னிக்குப் பொய் சொல்லலை. நாளைக்கு?"

"அவங்களோடதான் போவேன்."

அப்படியே போனான். குஞ்சு கொழுத்தது. தங்காத்தாவுக்கு இறகு முளைத்தது. சுவரைக் கொத்தி உடைத்து இருவரும் வெளியே வந்தார்கள். முதல் முறையாகக் குடும்பமே சேர்ந்து பறந்தது, சென்னியப்பனும் கூட வந்தான்.

கீழிருந்து குரங்கு கூவியது. "மாரப்பா! ஒரே ஒரு ஆட்டம்!"

மாரப்பனுக்குச் சிறகு ஒரு கணம் தடுமாறியது.

"அண்ணா, அவன் கூப்பிடறான்!" என்றான் மாரப்பன். "எனக்குப் பக்கத்துலயே வாங்க!"

சூது புகுந்த வீட்டை மீட்க, வெட்கத்தை விட்டு வாய்திறந்து உதவி கேட்பதே முதல் வழி.