வாயை மூடிக்கிட்ட குட்டி இன்ஜின்

ஒரு பெரிய ஜங்ஷன்ல ரெண்டு இன்ஜின் இருந்துச்சாம். ஒண்ணு யானை மாதிரி. இன்னொண்ணு உன் கை நீளம்கூட இல்ல. ம் சொல்லு.

"ம்."

பெரியவன் டீசல் ஷண்டிங் இன்ஜின். ஊர் ஊராப் போக மாட்டான். யார்டுக்குள்ளயே பெட்டியை இழுப்பான், தள்ளுவான், கோர்த்து விடுவான். டங்கு டங்குன்னு நாள் பூரா அதே வேலை. அவனை ஓட்டுறவர் இருதயராஜ். அவர் சம்சாரம் பிலோமினா கெட்டுப்போன ரேடியோவைப் பிரிச்சுப் பிரிச்சே வேலை கத்துக்கிட்டவ.

"உங்க இன்ஜினை நம்ம வீட்டு மேஜையில ஓட விடுறேன் பாருங்க"ன்னா.

"ஓட விடு, ஓட விடு. டீசலுக்கு மட்டும் என்கிட்ட வராத"ன்னார் அவர்.

சொன்ன மாதிரியே ஒரு குட்டி இன்ஜினைப் பண்ணிட்டா. அதே மஞ்சக் கோடு, மூக்குல அதே நசுங்கல். பெரியவனோட ஹாரனையே பதிஞ்சு, நகத்தளவு சிப்புல அடைச்சு, குட்டியோட வயித்துக்குள்ள வச்சா. ரிமோட்ல பட்டனை அமுக்கினா "பாஆஆம்!" அப்படியே பெரியவன் சத்தம்.

அப்புறம் யார்டை ஒட்டின ஹால் வாசல்ல பொம்மை ரயில் கண்காட்சி வச்சாங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் சத்தம் கேக்கணும்னு மேஜையில மைக்கு, மரத்துல ஸ்பீக்கர். குட்டிக்குப் பக்கத்துல எல்லாம் பளபளன்னு எக்ஸ்பிரஸ் இன்ஜின். தன் நசுங்கின மூக்கை நினைச்சுக் குட்டிக்கு ஒரே வெட்கம்.

அப்போ ஒரு பொண்ணு கேட்டா, "நீ எந்த ஊருக்குப் போவ?"

"டெல்லிக்கு"ன்னான் குட்டி.

பிலோமினா பட்டனை அமுக்கினா. ஊதினா குட்டு வெளிப்பட்டுடுமே! குட்டி வாயை இறுக்கி மூடிக்கிட்டான். சத்தமே இல்ல.

அப்புறம் ஒரு பையன் கேட்டான், "மூக்குல என்ன காயம்?"

"காட்டு வழியா வேகமா வந்தேனா, யானை முட்டிடுச்சு."

பிலோமினா மறுபடி அமுக்கினா. குட்டி மூச்சுகூட விடல. "நேத்து நல்லாத்தானே இருந்த, சனியனே"ன்னு ரிமோட்டைத் தட்டினா பாவம். என்ன, உன் 'ம்' சத்தத்தைக் காணோம், தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

அப்போ யார்டுல பெரியவன் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கிட்டு வந்தான். பூக்காரம்மா தனபாக்கியம் தலையில கூடையோட, காதுல போனோட லைனைத் தாண்டுறாங்க. கடைசிப் பெட்டிகிட்ட நின்ன ரயில்வேக்காரர் சிவப்புக் கொடியைப் படபடன்னு ஆட்டினார். இருதயராஜ் பிரேக் போட்டார். கிரீஈஈச்! அவ்வளவு பாரம் சட்டுனு நிக்குமா? ஹாரனை அமுக்கினார். புஸ்ஸ்ஸ்! ஹாரனுக்குக் காத்துப் போற குழாய் கழண்டு போச்சு.

பெரியவன் கத்தினான், "டேய் குட்டி! என் சத்தம் உன் வயித்துல இருக்கு. ஊதுடா!"

குட்டி பூக்காரம்மாவைப் பார்த்தான். சுத்தி நிக்கிற பிள்ளைங்களைப் பார்த்தான். வாய் திறக்கல.

"ஊதுடா!"

பெட்டி கிட்ட வந்துடுச்சு. அப்புறம்தான், "பாஆஆம்!"

ஸ்பீக்கர்ல யார்டே அதிர்ந்துச்சு. பூக்காரம்மா தொபுக்குன்னு அந்தப் பக்கம் விழுந்தாங்க. கூடை மேல சக்கரம் ஏறிச்சு.

"அட, இது நம்ம யார்டு இன்ஜின் சத்தம்ல!"ன்னு பிள்ளைங்க சிரிச்சாங்க. குட்டிக்கு உடம்பெல்லாம் சுட்டுச்சு.

பூக்காரம்மா நொண்டி நொண்டி வந்தாங்க. முட்டியில ரத்தம். "நீதான் ஊதினியா ராசா? பார்த்த உடனே ஊதினியே, நல்லா இருப்ப"ன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க.

பெரியவனுக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் சும்மா நின்னான். குட்டிக்கு அதுதான் தாங்கல.

"உடனே ஊதலம்மா"ன்னான்.

"என்னடா சொல்ற?"

"உங்களைப் பார்த்தேன். பார்த்துட்டும் வாயை மூடிக்கிட்டேன். ஊதினா நான் யார்டு இன்ஜின்னு தெரிஞ்சிடுமேன்னு."

கைதட்டல் நின்னுபோச்சு. பூக்காரம்மா முட்டியைப் பார்த்தாங்க. "உன் கௌரவத்துக்கு என் உசுருதான் கிடைச்சுதா?"ன்னாங்க. குட்டிக்குத் தலை குனியணும் போல இருந்துச்சு. இன்ஜினுக்குக் கழுத்து ஏது? நேரா பார்த்துக்கிட்டே நின்னான்.

அப்புறம் பூக்காரம்மா மேஜை ஓரமா உக்காந்துட்டாங்க. நசுங்காத பூவைப் பிள்ளைங்க பொறுக்கிட்டு வந்து பொம்மைப் பெட்டியில போட்டாங்க. குட்டி இழுத்தான், தள்ளினான், அவங்க கைகிட்ட கொண்டுபோய் விட்டான். டங்கு டங்கு. பொழுது சாயுற வரைக்கும் அதே வேலை. அவங்க தலை நிமிராம தொடுத்துக்கிட்டே இருந்தாங்க.

"தாத்தா... மன்னிச்சுட்டாங்களா?"

கடைசிப் பூவை விட்டுட்டு குட்டியும் அதைத்தான் கேட்டான்.

"முதல்ல முட்டி ஆறட்டும்"னாங்க.

அவ்வளவுதான் கதை. விளக்கை அணைக்கிறேன், கண்ணை மூடு.